தாடி வைத்த கிரேஃபிஷ்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பெரிய கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால் போன்ற கொடுக்குடைய உயிரி) அண்மைக்காலம் வரை அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தது எவ்வாறு?

பதில்: 2011 ஜனவரியில் செய்தியான பார்பிகாம்பரஸ் சிம்மோன்சியைக் கேட்கிறீர்கள். டென்னசி மாநிலத்தின் தெற்கிலுள்ள ஷோல் கிரீக் ஓடையில் உயிரியலாளர்கள் அரை நூற்றாண்டாக ஆய்வு செய்துவந்தபோதிலும், அங்குள்ள மற்றக் கிரேஃபிஷ்களைவிட ஏறத்தாழ இருமடங்கு பெரிய இவ்வினம் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆழமான இடத்தில், அகன்ற கற்களுக்கு அடியில், குறைந்த எண்ணிக்கையில் வாழ்வதே காரணம். ஜெஃப்ரி சிம்மன்ஸ் என்னும் உயிரியலாளருக்கு ஒன்று அகப்பட்ட பிறகு, கிரேஃபிஷ் ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் டெய்லரும் குந்தர் ஷூஸ்டரும் அங்கே சென்று பல மணி நேரம் கல் கல்லாகப் புரட்டித்தான் அதைப் பிடித்தார்கள்.

கேள்வி: அது புதிய இனம் என்று எப்படி உறுதிசெய்தார்கள்? ஒரு புகைப்படம் போதாதா?

பதில்: போதாது. இதன் உணர்கொம்புகளில் தாடிபோல் அடர்ந்த மயிர் உண்டு. ஆனால் 1884-இல் விவரிக்கப்பட்ட, கென்டக்கியின் கிரீன் ஆற்றுத் தொகுதியில் வாழும் பார்பிகாம்பரஸ் கார்னூட்டஸுக்கும் அதே தாடி உண்டு. ஆகவே இரண்டின் மாதிரிகளையும் அருகருகே வைத்து ஓட்டின் அளவுகளையும் உறுப்புகளின் வடிவத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். இக்குடும்பத்தில் ஆணின் வயிற்றுப்பகுதியிலுள்ள முதல் இணைக் கால்களின் நுனி இனத்துக்கு இனம் மாறுபடுவதால், அதுவே பெரும்பாலும் முதன்மைச் சான்றாகிறது. இங்கே டிஎன்ஏ ஒப்பீடும் துணைநின்றது. இவற்றோடு, பெயரைத் தாங்கும் மூல மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். நாளை ஐயுறுபவர் அதை எடுத்துப் பார்க்க முடியும் என்பதாலேயே விவரிப்பின் உயிர்நாடி அது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: புதிய இனத்தை விவரிப்பவர் அதற்குத் தம் பெயரையே சூட்டலாமா?

பதில்: விதி தடுக்கவில்லை, மரபு தடுக்கிறது. ஆணொருவரைச் சிறப்பிக்கும்போது பெயரின் இறுதியில் லத்தீன் முறைப்படி ‘இ’ சேரும். சிம்மன்ஸ் ‘சிம்மோன்சி’ ஆனது அவ்வாறே.

கேள்வி: காவிரியில் நீண்ட கொடுக்குடைய ஒன்றைப் பார்த்தேன். அதுவும் கிரேஃபிஷா?

பதில்: இந்தியாவில் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் எதுவும் இல்லை. தாங்கள் கண்டது பெரும்பாலும் ஆற்று இறாலாக இருக்கும். கிரேஃபிஷுக்குப் பெரிய கொடுக்கு நடைக்கால்களின் முதல் இணையில் அமையும். ஆற்று இறாலுக்கோ இரண்டாம் இணையில் அமையும். முன்னிருந்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.