ஃப்ரிட்ஜில் உறையாத மீன் எண்ணெய் போலியா?

கேள்வி: மாமியாருக்காக 'காட்' மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கி, வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பக்கத்திலிருந்த தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. மாத்திரைக்குள் இருப்பதோ அப்படியே ஓடுகிறது. கலப்படமா?
- குடியாத்தம் வாசகி

பதில்: உறையாததை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், அம்மா. அது அந்த மீனின் இயல்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். அதனால்தான் மார்கழிக் காலையில் நம் வீட்டுப் பாட்டிலே உறைந்து நிற்கிறது. காட் மீனோ வட அட்லாண்டிக்கில், பூஜ்யத்தை ஒட்டிய குளிர்நீரிலும் பல நூறு மீட்டர் ஆழம்வரை வாழ்வது. அதன் உடற்கொழுப்பு தேங்காய் எண்ணெய் போல இருந்தால், உயிரணுக்களின் சவ்வு விறைத்து, மீன் அசையவே முடியாது.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகள் பெரும்பாலும் நேராக இருப்பதால், அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படிந்துவிடும். மீன் கொழுப்பில் உள்ள டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறில் 6 இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வளைவு. கோணல் சுள்ளிகளைக் கட்டாகக் கட்டிப் பாருங்கள், நெருங்காது. அண்டார்க்டிக் மீன்கள் இன்னும் வியப்பானவை: பூஜ்ய டிகிரிக்கும் கீழே குளிர்ந்த கடல்நீரில், இரத்தத்தில் உருவாகும் பனித்துகளை ஒரு புரதம் பற்றிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது.

ஆனால் உறையாதது அசல் என்பதற்குச் சான்றும் ஆகாது. சூரியகாந்தி எண்ணெயும் ஃப்ரிட்ஜில் உறையாது. மாத்திரை லேசாக மங்கலானாலும் கவலையில்லை, வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது கெட்டுப்போவதைப் பற்றித்தான். வளைவு மிகுந்த அதே கொழுப்பு, காற்றும் வெப்பமும் பட்டால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அடுப்படி அலமாரி கூடவே கூடாது. நீங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தது சரிதான், மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள். ஒரு மாத்திரையைக் குத்தி முகர்ந்து பாருங்கள். மீன் வாடை இலேசாக வரலாம். பழைய எண்ணெய் நெடி மூக்கைத் துளைத்தால் எறிந்துவிடுங்கள்.

ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்குக் கொடுக்காதீர்கள். மாமியார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால், முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.