ஜப்பானிய மொழி தெரியாதவர் ஷோடோ எழுத்துக்கலையில் எதை ரசிக்க முடியும்?

தாராளமாக ரசிக்கலாம். அர்த்தத்தை விட்டுவிட்டு, தூரிகை போன வழியைக் கண்ணால் பின்தொடருங்கள். ஷோடோவில் ஒருமுறை இழுத்த கோட்டின் மேல் மறுபடி பூசித் திருத்தக் கூடாது. அதனால் எழுதியவரின் கை எங்கே அழுத்தியது, எங்கே வேகமெடுத்தது என்பதெல்லாம் தாளில் அப்படியே நிற்கும். மை தோய்த்த இடம் தடித்துக் கறுத்திருக்கும். போகப் போக மை வற்றி, கோட்டின் நடுவே தாளின் வெண்மை கீறல் கீறலாகத் தெரியும். திடீரென்று கறுத்தால், அங்கே மீண்டும் மை தொட்டிருக்கிறார்.

டோக்கியோவில் வேலை பார்த்தபோது, ஊயெனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இப்படிப் பார்த்துப் பழகி, பிறகு வகுப்பிலும் சேர்ந்தேன். அங்கே முதல் பாடமே மை உரைப்பதுதான். கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்கட்டியைச் சந்தனம் உரைப்பதுபோல் நிதானமாகத் தேய்க்க வேண்டும். புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து செய்த கட்டி அது. பசை வாடை தெரியாமலிருக்க வாசனைப் பொருளும் சேர்ப்பார்கள். நாரா நகரத்துக் கைவினைஞர்கள் இதைக் குளிர்காலத்தில்தான் செய்கிறார்கள். வெயிலில் பசை கெட்டுவிடும்.

எழுத்து சீனாவிலிருந்து வந்தது. பௌத்த சூத்திரங்களைப் படியெடுத்தே கை பழகினார்கள். பழைய மேதைகளில் முதலில் பார்க்க வேண்டியவர் கூகாய் (774–835) என்ற துறவி. 804இல் சீனா சென்றவர், அங்கே பிரக்ஞா என்ற இந்தியத் துறவியிடமும் படித்தார். சக துறவி சாய்ச்சோவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கியோட்டோவின் தோஜி கோயிலில் தேசியப் பொக்கிஷமாக இருக்கின்றன. சாதாரணக் கடிதங்கள்தாம். ஆனால் அந்தக் கோடுகளின் உறுதி இன்றும் பிரமிக்க வைக்கிறது.

என் மனம் அதிகம் லயிப்பது ஹிரகானாவில்தான். சீன எழுத்துகளை வேகமாக எழுதி எழுதி, தேய்ந்து உருவான மெல்லிய எழுத்து அது. 11ஆம் நூற்றாண்டின் 'கோயாகிரே' ஏட்டுத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். 'கோகின்ஷூ' கவிதைத் தொகுப்பின் பிரதிகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். தூரிகையைத் தூக்காமல் இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே இழையாக இறக்கியிருப்பார்கள். மூன்று பேர் பங்கிட்டு எழுதியது என்று அறிஞர்கள் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கைகள் வேறுபடுகின்றன.

ஜப்பானிய தேசிய அருங்காட்சியகங்கள் பல பொக்கிஷங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. வலது மேல் மூலையில் தொடங்கி மேலிருந்து கீழே வாருங்கள். அடுத்த வரி அதற்கு இடப்பக்கம் இருக்கும்.