'டூ நாட் ரிங்': கம்போடியாவின் கெமர் மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: கம்போடியத் தலைநகர் நொம்பென்னில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பளிச் சட்டை லேபிளில் 'டூ நாட் ரிங்' (Do not wring, அதாவது பிழியாதே) என்று இருக்கிறது. அகராதியில் தேடினால் இந்த 'ரிங்'குக்கு மூன்று நான்கு கெமர் சொற்கள் வருகின்றன. தொழிலாளர்களிடம் எதைச் சொல்ல?

பதில்: 'கொம் பூத்' என்று சொல்லுங்கள். 'கொம்' என்றால் 'செய்யாதே', 'பூத்' என்றால் பிழிவது. ஈரத் துணிக்கு இதுதான் சரியான சொல்.

அகராதி குழப்பியதற்குக் காரணம் ஆங்கிலம்தான். முறுக்குவது, அழுத்துவது, நீரை வெளியேற்றுவது மூன்றையும் அது ஒரே வினையில் அடைத்துவிடுகிறது. கெமர் அவற்றைப் பிரித்துப் பார்க்கும். நாமும் அப்படித்தானே? துணியைப் பிழிகிறோம், கயிற்றை முறுக்குகிறோம், கழுத்தை நெரிக்கிறோம். அதனால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் என்ன வினை வருகிறது என்று முதலில் பாருங்கள். துணியைப் பிழி என்றால் 'பூத்'. முறுக்கு, திருகு என்றால் 'முவல்'. கையால் அழுத்து, பிசை என்றால் 'ச்ரபச்' (ச-வை 'மச்சம்' போல உச்சரிக்க வேண்டும்). எலுமிச்சையைப் பிழிய, கை கால் பிடித்துவிட எல்லாம் இந்த 'ச்ரபச்' உதவும்.

கழுத்து விஷயத்தில் மட்டும் கவனம். கழுத்துக்குக் கெமரில் 'கா'. அவர்கள் எழுத்து வரிசையின் முதல் எழுத்தும் அதுவே. கோழியின் கழுத்தைத் திருகினால் 'முவல் கா'. 'ச்ரபச் கா' என்றால் குரல்வளையை நெரிப்பது.

பணத்தைக் கறப்பது, மிரட்டிப் பிடுங்குவது என்ற பொருளில் 'ரிங்' வந்தால் மேற்சொன்ன எதுவும் ஒத்துவராது. அதற்கு 'சும்ரித்' என்று தனிச்சொல் உண்டு. ஆனால் 'முவல் பங்கச்' என்றால் அவதூறு. நாம் 'திரித்துச் சொல்கிறான்' என்போமே, அந்த வாடை அடிக்கவில்லையா? எனக்குப் பிடித்த சொல் இது.

இறந்தகாலம் பற்றிக் கவலை வேண்டாம். கெமர் வினை காலத்துக்கேற்ப மாறாது, நேற்றும் நாளையும் 'பூத்'தான்.

உங்கள் சட்டைக்கு வருவோம். 'கொம் பூத்' என்று மட்டும் சொன்னால் ஈரத்தை எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். துண்டில் சுருட்டி 'ச்ரபச்' செய்யச் சொல்லுங்கள், ஒருமுறை கையாலேயே செய்தும் காட்டிவிடுங்கள். அப்புறம், நாள் முழுக்க நின்று யாருக்காவது காலில் தசை இழுத்துக்கொண்டால் 'ரொமுவல் க்ரபெ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'முறுக்கு, முதலை'. பயப்படாமல் காலை நீவிவிடுங்கள்.