அடுத்த ஜனாதிபதித் தேர்தலும் தோட்டத்து வாக்கும்: வாசகர் கேள்வி – பதில்

அரசியலமைப்பு மாறாவிட்டால் இலங்கையின் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றாலும், வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். முன்கூட்டியே செய்யவேண்டிய வேலைகளும் இருப்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

2024இல் இரண்டாவது தடவையும் வாக்கு எண்ணினார்களே, எங்கள் லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) எல்லோரும் ஒரு புள்ளடி (X) மட்டுமே போட்டோம். 2, 3 என்று போட்டால் நம் ஆளுக்கு விழும் வாக்கு குறைந்துவிடும் என்று சொன்னார்கள். உண்மையா?
– வாசகி, லிந்துலை

குறையாது அம்மா. இந்தப் பயம் மலையகம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. 2, 3 என்று போட்டதை யாரும் பார்ப்பதே இல்லை. யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்குவார்கள். அந்த முதல் இருவரில் ஒருவருக்கு நீங்கள் 1 போட்டிருந்தால் உங்கள் வாக்குச்சீட்டை மறுபடி தொடமாட்டார்கள், வாக்கு அவரிடமே இருக்கும். நீக்கப்பட்ட ஒருவருக்கு 1 போட்டிருந்தால்தான் உங்கள் 2ஐப் பார்ப்பார்கள். அந்த 2 மிஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேரும். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு ஒதுக்கப்படும். ஆகவே 2உம் 3உம் உங்கள் முதல் ஆளிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. அவர் போட்டியிலேயே இல்லாமல் போன பிறகுதான் அவை வேலை செய்கின்றன.

2024இல் என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. நீக்கப்பட்டவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 33 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் இருந்தன. அவற்றில் இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. மீதி 30 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் யாருக்கும் போகவில்லை. முதல் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளியோ 12 இலட்சத்து 72 ஆயிரம் அளவுதான். விருப்பு வாக்குப் (அதாவது 2, 3) போட்டிருந்தால் அவை எந்தப் பக்கம் போயிருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் கடைசித் தீர்மானத்தில் அத்தனை பேரின் குரலும் இல்லாமல் போனது. மூன்று பேர் பலமாக மோதும் தேர்தலில் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொள்வது நம் கையில் இருப்பதைப் பாதியிலே விட்டுவிடுவதுதான்.

போடும்போது கவனிக்கவேண்டியவை: ஒருவருக்கு மட்டும் போடுவதானால் 1 அல்லது புள்ளடி, இரண்டில் எதுவும் செல்லும். விருப்பு வாக்கும் போடுவதானால் 1, 2, 3 என்று இலக்கத்திலேயே போடுங்கள், புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கவேண்டாம். இருவருக்குப் புள்ளடி போட்டாலும், இருவருக்கு 1 போட்டாலும், 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலும் வாக்கு நிராகரிக்கப்படும். பெயரோ கையொப்பமோ உங்களை அடையாளம் காட்டும் வேறெதுவோ எழுதினாலும் அதே கதிதான். அந்தத் தேர்தலில் நாடு முழுக்க 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. அவ்வளவு நீளமான சீட்டில் கட்டம் மாறிப்போவது சுலபம். பெயர்கள் சிங்கள அகரவரிசையில் வருவதால் நீங்கள் தேடுபவர் எந்த இடத்தில் இருப்பார் என்று ஊகிக்கவும் முடியாது. சின்னத்தை முதலே மனதில் பதித்துக்கொண்டு போங்கள். தவறிப்போய்ப் பிழையாகப் போட்டுவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம்.

தேர்தல் வந்தால் எங்கள் பிரிவில் ஒருவர் எல்லோருடைய வாக்காளர் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். "யாருக்குப் போட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்" என்றும் சொல்கிறார். தெரியுமா?
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

தெரியாது. ஜனாதிபதித் தேர்தல் முடிவு தொகுதிவாரியாகவே வெளியிடப்படுகிறது. நுவரெலியா–மஸ்கெலியா போன்ற பெரிய தொகுதியில் உங்கள் தோட்டம் எப்படி வாக்களித்தது என்று தனியாக எந்த முடிவும் வெளிவராது. தோட்டத்துக்கே அப்படியென்றால், உங்கள் ஒரு வாக்கு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவராது. அப்படி மிரட்டுவது தேர்தல் குற்றம். தேர்தல் காலத்தில் மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கோ கண்காணிப்பு அமைப்புகளுக்கோ அறிவிக்கலாம்.

அட்டை விடயம்: வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயரும் செல்லுபடியான அடையாள ஆவணமும் இருந்தால் வாக்களிக்க முடியும். ஆகவே அட்டையை யாராவது பிடித்து வைத்தாலும் உங்கள் வாக்கு அவர் கையில் இல்லை. ஆனாலும் கொடுக்காதீர்கள். வாக்களிக்கும் நிலையமும் தொடர் இலக்கமும் அதில்தான் இருக்கின்றன, அது இல்லாமல் போனால் வரிசையில் தாமதமாகும். லயத்துக் கடிதங்கள் தோட்ட ஆபீசில் குவிந்து கிடப்பது நாம் அறிந்ததே. விநியோகம் முடியும் நாளுக்குள் வராவிட்டால், கடிதம் வரும் தபால் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு நேரில் போய்க் கேளுங்கள்.

எங்கள் அப்பாயிக்கு 74 வயது. அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இருந்ததே இல்லை. கண்ணும் சரியாகத் தெரியாது. வாக்குப் போடாமல் இருக்கமாட்டேன் என்கிறார்.
– வாசகர், நமுனுகுலை

அவர் வயதுக்காரர்களுக்கு இந்த வாக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் புரியும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை போய், அடுத்து வாக்குரிமையும் போய், 1982இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோதும் நம்மவர்களில் ஏராளமானோர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே அது முடிவுக்கு வந்தது.

அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். தோட்டத்தில் வசிப்பவரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தலாம். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதற்கு அலைச்சல் அதிகம், தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் கைக்கு வராது. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை போன்றவையும் ஏற்கப்படும். எதுவுமே இல்லையென்றால், தேர்தலுக்கு முன் குறித்த திகதிக்குள் இரண்டு புகைப்படங்களோடு கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அடையாள அட்டை கேட்கலாம். அது அந்தத் தேர்தலுக்கு மட்டுமே.

பார்வைக் குறைவுள்ளவர் உதவியாளர் ஒருவரைக் கூட்டிப் போகலாம். அதற்கான தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கி, அரச வைத்தியர் கையொப்பத்தோடு கொண்டுபோகவேண்டும். உதவியாளருக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும், அவர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. நீங்களே போவது நல்லது.

கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். பெயர் இருப்பது தலவாக்கலையில். முதலாளி லீவு தருவதில்லை.
– வாசகர், கொழும்பு 11

தரவேண்டும் தம்பி. சம்பளம் வெட்டாமல் குறைந்தது தொடர்ந்து 4 மணித்தியாலம் என்பது சட்டம். தனியார் துறைக்குத் தூரத்தை வைத்தும் அளவு அறிவிக்கப்பட்டிருக்கிறது: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேளுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டு மறுக்கப்பட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. தோட்டத்தில் பெயர் போட்டு (நாட்கூலிக்கு) வேலை செய்பவர்களுக்கும் அந்த 4 மணித்தியாலம் பொருந்தும், வாக்களிக்கப் போனதற்காக அரைப் பெயர் (அரை நாள் வேலை) போடக்கூடாது.

இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. லயத்தில் ஆள் இல்லையென்று பெயரை வெட்டிவிடாமல், கிராம உத்தியோகத்தர் வரும் காலத்தில் வீட்டாரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

யார் ஜனாதிபதியாக வந்தாலும் சம்பளமும் காணியும் தருகிறேன் என்கிறார்கள். ஜனாதிபதியால் உண்மையில் தரமுடியுமா?
– வாசகி, மஸ்கெலியா

ஓரளவு முடியும். எந்த அளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டால் வேட்பாளரிடம் சரியான கேள்வி கேட்கலாம்.

நாட்சம்பளத்தை ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுக் கூட்டுவதில்லை. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் உட்காரும் சம்பள நிர்ணய சபை தீர்மானித்து, வர்த்தமானியில் வரவேண்டும். 2024இல் மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது, கடைசியில் தேர்தலுக்குச் சற்று முன் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்ட 1,750இல் கம்பனியின் நாட்சம்பளம் 1,550, மீதி 200 வரவுக்காக (வேலைக்கு வருவதற்காக) அரசு தருவது. ஒரே தொகையாகக் காதில் விழுந்தாலும் இரண்டு வேறு பைகளிலிருந்து வருகிறது. ஆகவே தொகையை மட்டும் கேட்காதீர்கள். அடிப்படை எவ்வளவு, வரவுக்கு எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும், ஒரு பெயருக்கு (ஒரு நாள் வேலைக்கு) எத்தனை கிலோ கொழுந்து, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். 2021இல் 1,000 ரூபா வந்தபோது பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். கூடிய சம்பளம் அந்த வழியாகவே போய்விட்டது.

காணியில் அரசுக்குக் கூடுதல் பிடி இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமானவை, 1992இலிருந்து கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. வீட்டுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் (பேர்ச் என்பது காணி அளவு) என்று சொல்பவரிடம், அந்த நிலம் கம்பனிக் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டதா, தனித்தனியாக நில அளவை செய்தாயிற்றா, தரப்போவது காணிப் பதிவகத்தில் பதியக்கூடிய உறுதிப்பத்திரமா, கணவன் மனைவி இருவர் பெயரிலுமா என்று கேளுங்கள். மேடையில் வைத்துத் தரும் பத்திரத்தையும் வாசித்துப் பாருங்கள். விற்கவோ ஈடு வைக்கவோ பிள்ளைக்கு எழுதவோ முடியாத பத்திரம் குடியிருக்க அனுமதி மட்டுமே.

மகள் சவூதியில் வேலை செய்கிறாள். அவள் பெயருக்கு அட்டை வருகிறது. தபால் மூலம் வாக்களிக்க முடியுமா?
– வாசகி, ராகலை

முடியாது. தபால் வாக்கு தேர்தல் கடமைக்குப் போகும் அரச அலுவலர்கள் போன்றோருக்கு மட்டுமே. வெளிநாட்டில் இருப்பவர்கள் வாக்களிக்க இன்னும் ஏற்பாடு இல்லை. மகளின் அட்டையை "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். அவர் பெயரில் வேறொருவர் வாக்களிப்பது குற்றம், அட்டையைக் கொடுத்த உங்களையும் விசாரிப்பார்கள்.