தப்பி ஓடிய குடு மானுக்கும் கட்டணம் உண்டா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட். நண்பர்களோடு தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் உள்ள ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போனேன். நான் சுட்ட குடு மான் காயத்தோடு புதருக்குள் ஓடிவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை. அதற்கும் முழு டிராபி கட்டணம் கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு பக்கத்துப் பண்ணையில் சிறுத்தை சுடலாம், முன்பணத்தை டாலரில் ரொக்கமாகக் கொடுங்கள், பெர்மிட் அப்புறம் வரும் என்கிறார்கள். தோலை ஊருக்குக் கொண்டுவர ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பில்லைப் பார்ப்போம். தினக் கட்டணம் என்பது தங்குமிடம், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, தடம் பார்ப்பவர் ஆகியவற்றுக்கு. அதன்மேல் 15 சதவீத வாட் வரும். டிராபி கட்டணம் விலங்கின் விலை. தென்னாப்பிரிக்காவில் முறையாக வேலி போட்ட நிலத்து விலங்கு நில உரிமையாளரின் சொத்து. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அதற்கு இருக்கிறது. தான்சானியாவில் விலங்கு அரசுக்குச் சொந்தம், கட்டணமும் அரசுக்கே போகும். ஆக உங்கள் குடு விவகாரம் தனியார் ஒப்பந்தம் சார்ந்தது.

அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: காயம்பட்ட விலங்கும் சுடப்பட்டதாகவே கணக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் பணத்தைக் கட்டிவிடுங்கள். ஆனால் ரத்தத் தடத்தை உங்களுக்குக் காட்டினார்களா? இலையில் ஒரு துளிகூட இல்லையென்றால் குண்டு படவில்லை என்று வாதாட இடமுண்டு. எழுத்து ஒப்பந்தமே தரவில்லையா? வெளிநாட்டு வாடிக்கையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுவது வேட்டை நடத்துபவரின் கடமை. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

எனக்குக் கவலை தருவது சிறுத்தைதான். பெர்மிட் அப்புறம் வருவதாக எந்தச் சட்டத்திலும் இல்லை. 2007-இல் வெளியான அருகிவரும் உயிரினங்களுக்கான விதிகளின்படி, சுடுவதற்கு முன்பே மாகாண அரசின் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். ஒரு பண்ணைக்குக் கொடுத்த பெர்மிட்டை வேலி தாண்டிக் கொண்டுபோக முடியாது. எத்தனை சிறுத்தை என்பதை நாட்டளவில் முடிவு செய்கிறார்கள். 2016-இல் அந்த எண்ணிக்கை பூஜ்யம். அனுமதி கிடைத்தாலும் 7 வயது நிரம்பிய ஆண் சிறுத்தையை மட்டுமே சுடலாம்.

2015-இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தைச் சுட்ட அமெரிக்கப் பல் மருத்துவர், காகிதமெல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொண்டார் என்றார். அந்த நிலத்துக்குச் சிங்க ஒதுக்கீடே கிடையாது என்றது வனவிலங்குத் துறை. மருத்துவர் மீது வழக்கில்லை. வழிகாட்டி மீது போட்ட வழக்கும் பிறகு தள்ளுபடியானது. ஆனாலும் மனிதர் சில வாரங்கள் தன் கிளினிக்கைத் திறக்க முடியாமல் இருந்தார்.

தோல் ஆசையை விட்டுவிடுங்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில் சிறுத்தை, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இறக்குமதி அனுமதி கிடைத்த பிறகே ஏற்றுமதி அனுமதி தருவார்கள். இந்தியாவிலோ அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. 'வெளிநாட்டில் வாங்கியது சார்' என்றால் சுங்கத்துறை அதிகாரி சிரிப்பார்.

இப்போதைக்கு மூன்று காகிதங்களின் நகலைக் கேளுங்கள்: நடத்துபவரின் உரிமம், தொழில்முறை வேட்டைக்காரரின் உரிமம், பண்ணைப் பெயருள்ள சிறுத்தை பெர்மிட். அவை வரும்வரை ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். வந்தாலும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில்தான் போடுங்கள்.