ஒரே இரவில் பழைய காயம் ஆறிவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 31 வயது. சிறுமியாக இருந்தபோது உறவினர் ஒருவரால் இரண்டு வருடம் பாலியல் தொல்லைக்கு ஆளானேன். இன்றும் யாராவது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றால் உடம்பு உறைந்துவிடுகிறது. தூக்கமும் சரியில்லை. ஒரு வருடமாகச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு, பயத்துக்கான மாத்திரை எடுக்கிறேன், பாதிதான் குணம். மனமயக்கம் தரும் மேஜிக் காளான் ஒரே இரவில் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்கிறாள் தோழி. மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: சாப்பிட வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்த யோசனை உங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒரு வருடம் மருந்து விழுங்கியும் பாதி ராத்திரியில் விழித்து உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது ஒரு குறுக்குவழி சொன்னால், மனம் அங்கேதான் போகும்.

தோழி சொல்வது முழுக்கக் கற்பனையும் இல்லை. மனக்காயத்துக்கு, காளானை அல்ல, எம்டிஎம்ஏ என்ற வேறொரு போதைமருந்தை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, பலர் தேறியும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மருந்து கொடுத்தது மூன்றே நாள். ஒவ்வொரு முறையும் சுமார் 8 மணி நேரம், பயிற்சி பெற்ற இருவர் பக்கத்திலேயே இருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக, மருந்தே இல்லாமல், ஒன்றரை மணி நேரப் பேச்சு அமர்வுகள் 12. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைத்தவர்களிலும் கணிசமானோர் தேறினார்கள், ஏனென்றால் அந்தப் பேச்சு அவர்களுக்கும் கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அனுமதிக்காமல், இன்னொரு ஆய்வு கேட்டது. காளானில் மயக்கம் தரும் பொருளான சைலோசைபினைப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குத்தான் சோதித்திருக்கிறார்கள். தோழி சொல்வதில் மருந்து மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது.

உங்களை நினைத்து நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு விஷயத்துக்காக. சிறுவயதில் நீங்கள் ‘வேண்டாம்’ என்றது செல்லுபடியாகவில்லை. காளான் உள்ளே போனபிறகும் அதே நிலைதான். அதன் வேகம் 4 முதல் 6 மணி நேரம் இருக்கும், இதே வகைப் போதைப்பொருளான எல்எஸ்டி என்றால் 8 முதல் 12 மணி நேரம். இரண்டாவது மணி நேரத்தில் ‘போதும், நிறுத்திவிடலாம்’ என்று தோன்றினால் நிறுத்த வழியில்லை. எந்த நினைவு எப்போது வரலாம் என்று மனம் வழக்கமாக வைத்திருக்கும் கட்டுப்பாடு அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்து விழுந்தால், அதைக் காயம் ஆறுவது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கொடுமையை இன்னொரு முறை அனுபவிப்பதாகவே அது முடியலாம்.

தனியாக எல்எஸ்டி எடுத்த ஒருவர் மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். அறைக்கதவைச் சாத்த விடவில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்தபடி பேசினார். தரை டைல்ஸ் இன்னும் மெல்ல அசைகிறது என்றார். இது பெரும்பாலும் தானே அடங்கும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். ஆனால் அவரை வாட்டியது அது இல்லை. அன்றிரவு சிறுவயதுக் காட்சி ஒன்று வந்திருக்கிறது. அது உண்மையில் நடந்ததா, மருந்து காட்டியதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. வீட்டிலிருந்த அத்தனை பேரையும் சந்தேகித்தார். இந்த மருந்துகளின் பிடியில் தோன்றுவதெல்லாம் சத்தியம் போலவே இருக்கும். அந்தத் தெளிவை வைத்து உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க முடியாது.

தோழியை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நடு ராத்திரியில் நீங்கள் அவரையே அந்த உறவினராகப் பார்த்து அலறினால் அவர் என்ன செய்வார்? கட்டியணைத்து ஆறுதல் சொல்லத்தான் கை நீளும். உங்களுக்கோ அந்தத் தொடுதலே பயத்தை இன்னும் கிளப்பலாம்.

அப்புறம் அந்தச் செர்ட்ராலின். அதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், பழைய பயமும் திரும்பலாம். நீங்கள் மிகவும் தளர்ந்திருக்கும் நாளில் காளானைச் சாப்பிடுவதாக ஆகிவிடும். நிறுத்தாமல் சாப்பிட்டாலும் சிக்கல்தான்: வேகம் மந்தமாகத் தெரிவதால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். அயவாஸ்கா என்ற மூலிகைப் போதைக் கஷாயத்தையோ எம்டிஎம்ஏவையோ செர்ட்ராலினோடு சேர்த்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம். இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மருந்து எடுப்பவர்கள் காளானையோ எல்எஸ்டியையோ சேர்த்தால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது. ஆய்வுகளிலேயே அப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை.

சரி, வேறு வழி? உங்கள் கடிதத்தில் மாத்திரை இருக்கிறது, மனக்காயத்துக்கான பேச்சுச் சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. பாதி குணம் என்பது மீதிச் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். மனக்காயத்துக்கென்றே வகுத்த அறிவாற்றல் சிகிச்சை, கண்ணசைவோடு நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் போன்றவை நன்றாகச் சோதிக்கப்பட்டவை. பொதுவாக வாரம் ஒன்றாக 8 முதல் 16 அமர்வுகள், சிலருக்குக் கூடுதலாகும். அங்கேயும் அழுகை வரும், பயம் வரும். ஆனால் நீங்கள் கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவார்கள்.

இந்த வாரமே உங்கள் மனநல மருத்துவரிடம் போங்கள். செர்ட்ராலின் அளவு போதுமா, மாற்ற வேண்டுமா, மனக்காயச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் யார் என்று கேளுங்கள். காளான் யோசனையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்குள் எதையாவது சாப்பிட்டுவிட்டிருந்தால், உடம்பு கொதித்தாலோ, தசைகள் விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எதைச் சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை அங்கே அப்படியே சொல்லிவிடுங்கள்.