குனுனுராவில் வளர்ந்த பெண்ணுக்கு மருத்துவமா, பாசனமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் செவிலியராகப் பணிபுரியும் ஒரு தாய், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம் மகளைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறார். மகள் பாசனத் தொழில் கற்க விரும்புகிறாள். உறவினர்களோ, வேறு மாநிலத்தில் முழுக் கட்டணம் கட்டியாவது மருத்துவத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

முதலில் பணம். நிரந்தர வசிப்புரிமை மட்டுமே உள்ள உங்கள் மகளுக்கு, அரசு மானியமுள்ள இடம் கிடைத்தாலும், குடிமக்களுக்குரிய ஹெக்ஸ் எனும் அரசுக் கல்விக் கடன் கிடைக்காது. தன் பங்குக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். முழுக் கட்டண இடத்துக்கு மானியமே இல்லை. மதுரையிலுள்ள உங்கள் வீட்டை விற்று இதைச் செய்யாதீர்கள்.

விவசாயத்தை நம்ப முடியுமா என்ற உறவினர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. புழுத் தாக்குதலால் 1974இல் குனுனுராவில் பருத்தி கைவிடப்பட்டது. 2007இல் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. இந்தியச் சந்தனம் வளர்த்த பெரிய நிறுவனமும் கடனில் விழுந்தது. பருத்தி இப்போது திரும்பியிருக்கிறது. பயிர்கள் இப்படி வந்து போனாலும், 1972இல் திறக்கப்பட்ட ஆர்டு நதி அணையின் தண்ணீர் வாய்க்கால்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே உங்கள் மகள் ஒரு பயிரை நம்பாமல் தண்ணீரை நிர்வகிக்கக் கற்கட்டும்.

விடுமுறையில் ஒரு பண்ணையில் சைபன் குழாய் வைக்கக் கற்றதை அவளே விவரித்திருக்கிறாள்: குழாயை வாய்க்காலில் அமிழ்த்தி, மறுமுனையை உள்ளங்கையால் மூடித் திறந்து நீரை ஏற்றி, நிரம்பியதும் கரைக்கு அப்பால் சாலில் இறக்க வேண்டும். அங்குள்ள கரும் களிமண் நம் கரிசலைப் போலக் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் நீரை எளிதில் விடாது. அளவுக்கு மேல் பாய்ச்சினால் வேர் அழுகும், நிலத்தடி நீர்மட்டம் உயரும், வயலின் கழிவுநீர் உரத்தையும் மருந்தையும் ஆற்றில் சேர்க்கும். லேசர் கருவியால் வயலைச் சமன்படுத்தவும், மண்ணின் ஈரமானியைப் படிக்கவும், தானியங்கி மதகுகளை இயக்கவும் தெரிந்தவர் இதையெல்லாம் தடுப்பார். இவற்றுக்கு அடித்தளமாகப் பாசனத் தொழில்நுட்பத்தில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் உண்டு. பண்ணையில் ஊதியத்துடன் வேலை செய்தபடியே டிரெய்னியாகப் படிக்க வழியிருக்கிறதா என்று ஊரிலுள்ள டேஃப் எனும் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரி வளாகத்திலும், வாய்க்கால்களை நடத்தும் ஆர்டு பாசனக் கூட்டுறவிலும் நேரில் கேளுங்கள். பிறகு வேளாண் பொறியியல் பட்டம் வேண்டுமென்றால், டூவூம்பாவிலுள்ள தெற்கு குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.

சுற்றுலாப் படிப்பை உங்கள் தங்கை பரிந்துரைத்திருக்கிறார். பயணிகள் பெரும்பாலும் வறண்ட மாதங்களில்தான் வருகிறார்கள்; முழு ஆண்டுப் பிழைப்புக்கு அது போதாது.

கையெழுத்திடும் முன் ஊதியத்தையும் பயிற்சி நேரத்தையும் எழுத்தில் பெறுங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட்டின் பயிற்சி வகுப்புக்கு அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம். அவள் அதைக் கேட்கவே இல்லை.